சவர்க்காரம் போடப் போடச் சிவந்த வேட்டி

மத்தியானம் பருப்புக்கறியோடு சோறு தின்றுவிட்டுக் கை கழுவக் கிணற்றடிக்குப் போனேன். துவைகல்லில் ஒரு துண்டுச் சவர்க்காரம் கிடந்தது. எடுத்து விரல்களில் தேய்த்தேன். பருப்பின் மஞ்சள் ஏறியிருந்த ஐந்து விரல் நுனிகளும் சிவந்தன. தண்ணீர் ஊற்றினேன், திரும்ப மஞ்சளாகின. மறுபடி சவர்க்காரம். மறுபடி சிவப்பு.

இதில் புதினம் ஒன்றுமில்லை. மஞ்சள் போட்ட கறி தின்று சவர்க்காரத்தில் கை கழுவுகிற எவரும் நாளாந்தம் காண்கிற காட்சிதான். நானும் இருபது வருசமாகக் கண்டுகொண்டுதான் இருந்தேன். ஆனால் அன்றைக்குக் கிணற்றின் அந்தப் பக்கத்தில், ஒரு தொட்டிக்குள், ஒரு கலியாண வேட்டி காலையிலிருந்து மூலை சிவந்துபோய்க் கிடந்தது. அந்தச் சிவப்புக்காக ஒருவரின் வேலை போயிருந்தது. போக வைத்தவள் நான்.

விரலைப் பார்த்தேன். வேட்டியைப் பார்த்தேன். வாய் கொப்பளிக்கவும் மறந்து சமையல் செய்யும் குசினிப் பக்கம் ஓடினேன்.

எங்கள் லோண்டறியில் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்கள் இரண்டு பேருக்காகவும் இதை எழுதுகிறேன். இரண்டு வருச வேலையை வைத்துக்கொண்டு அனுபவம் எழுத வெளிக்கிட்டுவிட்டாளே என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். தலை நரைத்து, வேலையை விட்ட பிறகு ஆறுதலாக இருந்து எழுதலாம்தான். ஆனால் அதற்குள் நான் பட்ட குழப்பமெல்லாம் மறந்து, எல்லாம் முதல் நாளே தெரிந்திருந்தது போல எழுதிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. இன்றைக்கும் பாதி விசயம் எனக்குக் குழப்பம்தான். அந்தப் பாதியையும் சேர்த்துத்தான் உங்களுக்குத் தருகிறேன்.

கஞ்சியை எந்தப் பதத்தில் இறக்குவது, ஸ்திரிக்கைப் பெட்டிக்கு எவ்வளவு சிரட்டைக்கரி போடுவது, இதெல்லாம் நான் எழுதப் போவதில்லை. கை தானாகப் பழகிவிடும். ஒரு துணியின் சாயம் இன்னொரு துணியில் ஏறாமல் பார்க்கிறதுதான் வேறு மாதிரியான வேலை. அதில் சாயம் ஏறிவிட்டது என்று கண்டவுடன் எல்லோருக்கும் கைக்கு முந்தி வாய் வேலை செய்யத் தொடங்கிவிடும். எனக்கு அப்படித்தான் நடந்தது.

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு, ஆவணி மாதம். நான் வேலைக்கு வந்து மூன்று மாதம். சண்டையால் கனகராயன்குளத்திலிருந்து எழும்பி வந்து, வவுனியாவுக்குப் பக்கத்து நெளுக்குளத்தில் பெரியம்மா வீட்டில் நின்று உயர்தரப் பரீட்சை எழுதி முடித்திருந்தேன். பெறுபேறு வரும் வரைக்கும் சும்மா இருக்க எனக்கு ஏலாது. ஒரு நாள் லோண்டறி வாசலில் ஆள் தேவை என்று எழுதிக் கிடந்ததைக் கண்டு உள்ளே போய், இரசாயனத்தில் எனக்குத் திறமைச் சித்தி வரும் என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "உடுப்பு மடிக்கத் தெரியுமோ, பிள்ளை?" என்று கேட்டார். அவரைத்தான் நாங்கள் எல்லோரும் அண்ணை என்கிறோம். உங்களுக்கு இப்போது தெரிந்த அண்ணையைவிட அன்றைய அண்ணை கொஞ்சம் வேகமானவர். கோபத்திலும்தான்.

அப்போது வேலைக்கு நாங்கள் இரண்டே பேர். வருகிற மூட்டையைப் பிரித்து எண்ணி எழுதி, நிறம் வேறு வெள்ளை வேறாகப் பிரித்துக் கொடுப்பது நான். துவைப்பது லெச்சுமியக்கா. அவர் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். எட்டு வயதில் தாய் தகப்பனோடு கிளிநொச்சிப் பக்கம் வந்து, காடு வெட்டிக் குடியிருந்து, அங்கேயே வளர்ந்து, அங்கிருந்தும் எழும்பி வந்து வவுனியாவில் ஒரு முகாமில் மகளோடு இருந்தார். அவருடைய கதையில் தோட்டத்துத் தமிழும் கிளிநொச்சித் தமிழும் மாறி மாறி வரும். பகிடியும் வரும். எனக்குக் "கெமிஸ்ரி" என்று பட்டம் வைத்தவர் அவர்தான்.

ஒரு விசயம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்படி வெளியிலிருந்து வந்த ஆட்கள் வவுனியாவில் தங்குவதற்குப் பொலிஸ் கொடுக்கிற பாஸ் வேண்டும்; இல்லாவிட்டால் முகாமுக்கு வெளியே நடமாட முடியாது. எனக்குப் பெரியம்மாவின் விலாசம் இருந்தது. லெச்சுமியக்காவுக்கு இருந்தது இந்த வேலை ஒன்றுதான். இவர் என்னிடம் வேலை செய்கிறார் என்று அண்ணை மாதம் ஒருமுறை கடிதம் கொடுப்பார். அதைக் கொண்டுபோய்க் காட்டித்தான் லெச்சுமியக்கா பாஸைப் புதுப்பிப்பார். அந்த மாதத்துக் கடிதத்தை நான்தான் எழுதி மேசை லாச்சிக்குள் வைத்திருந்தேன். அண்ணையின் கையெழுத்து மட்டும்தான் மிச்சம்.

புதன்கிழமை காலை ஒரு கலியாண வீட்டு மூட்டை வந்தது. கலியாணம் வெள்ளிக்கிழமை. தாலிக்குப் பொன் உருக்கிய அன்று மாப்பிள்ளை கட்டியிருந்த வெள்ளை வேட்டி, சால்வை. அன்று மாப்பிள்ளையின் அக்கா உடுத்தியிருந்த சிவப்புப் பருத்திச் சாறி. பொன்னுருக்குக்குக் கட்டிய அதே வேட்டியோடுதான் மாப்பிள்ளை மணவறைக்கும் போக வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கமாம். கடைக்குப் போய் வேறு வேட்டி வாங்கிச் சமாளிக்க முடியாது. மூட்டையைக் கொண்டுவந்த மாப்பிள்ளையின் அக்கா இதை மூன்று தரம் சொல்லிவிட்டுப் போனார்.

நான் வேட்டியை விரித்துப் பார்த்தேன். ஒரு மூலையில் மஞ்சள் இருந்தது. நன்றாகக் கண்டேன். கண்டும் கொப்பியில் "கறை இல்லை" என்று எழுதினேன். புது உடுப்பின் மூலையில் மஞ்சள் வைக்காமல் எங்கள் வீடுகளில் யார் உடுக்கிறது? தீபாவளிச் சட்டைக்கும் வைப்போம், வருசப்பிறப்புக்கும் வைப்போம். என் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகளுக்குக்கூட அம்மா வைத்துத்தான் தந்தார். அது மங்களம். மங்களத்தைப் போய் யாராவது கறை என்று எழுதுவார்களா? எனக்கு அப்படி ஒரு யோசனையே வரவில்லை. சாறியை ஒரு பக்கம் வைத்தேன், வேட்டியையும் சால்வையையும் மற்றப் பக்கம் வைத்தேன். லெச்சுமியக்கா வந்து இரண்டையும் இரண்டு கையில் தூக்கிக்கொண்டு போனார்.

அரை மணித்தியாலம் போயிருக்காது.

"கெமிஸ்ரி! இங்க வா! ஓடியா!"

"என்னக்கா, பாம்போ?"

"பாம்புன்னா அடிச்சிருவேனே. இத என்னா பண்றது, வந்து பாரு!"

வேட்டியின் மூலையில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு. காய்ந்த இரத்தம் போன்ற சிவப்பு. பக்கத்து வாளியில் சாறி உப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. சாயம் இளகாமல் இருக்க நிறத்துணியை உப்பில் ஊற வைப்பது எங்கள் வழக்கம். ஆனால் அந்த வாளித் தண்ணீரும் இளஞ்சிவப்பாகத்தான் இருந்தது.

"வாளிக்குள்ள வேட்டி விழுந்ததோ?"

"இல்லியே. இது இந்தத் தொட்டியில, அது அந்த வாளியில. நான் வேட்டிக்கி இப்பத்தான் சவுக்காரமே போட்டேன்."

"அப்ப இன்னும் போடுங்கோ. போடப் போடப் போயிடும்."

இது நான் சொன்ன முதல் புத்திமதி. போட்டார். சிவப்பு கூடியது. சலவைச் சோடா கரைத்து ஊற்றச் சொன்னேன். இன்னும் கூடியது. எனக்கு விளங்கவில்லை. விளங்காததைச் சும்மா விடவும் தெரியவில்லை. "நூலுக்குள்ள இறங்கின சாயம் இப்ப வெளியில வருது அக்கா, அதுதான் கூடத் தெரியுது" என்று ஒரு விளக்கம் கொடுத்தேன். இப்போது நினைத்தால் என் காது சூடாகிறது. கையில் இருந்த சவர்க்காரம்தான் அதைச் சிவக்க வைத்துக்கொண்டிருந்தது. சிவக்கிறதே என்று பயந்து நாங்கள் இன்னும் சவர்க்காரம் போட்டோம்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அக்கா திரும்பி வந்தார். சால்வைக்குக் கஞ்சி கூடப் போட வேண்டாம் என்று சொல்லத்தான் வந்தாராம். நேரே கிணற்றடிக்கு வந்துவிட்டார்.

"ஐயோ! உதென்ன உது? தம்பீன்ர வேட்டியெல்லோ!"

அவர் குனிந்து மூலையைத் தூக்கிப் பார்த்தார்.

"இரத்தம் மாதிரிக் கிடக்கு! கலியாண வேட்டியில இரத்தம் மாதிரி!"

சத்தம் கேட்டு அண்ணை வந்தார். வேட்டியைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார்.

"ஆர் ரெண்டையும் ஒண்டாப் போட்டது?"

கேள்வி அப்படித்தான் வந்தது. அப்போது அந்தக் கேள்வியில் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. நான் செய்த காரியம் இன்னும் மோசம். "பொறுங்கோ அண்ணை, சோதிச்சுப் பாப்பம்" என்று ஒரு வெள்ளைத் துணித்துண்டை எடுத்து, ஈரச் சாறியின் மேல் வைத்து அழுத்தி, பிரித்துக் காட்டினேன். துண்டு இளஞ்சிவப்பாக இருந்தது.

"சாறியில சாயம் போகுது அண்ணை."

பரீட்சை மண்டபத்தில் எழும்பி நின்று விடை சொல்வது போலச் சொன்னேன். சொன்னதில் பொய் இல்லை. சாறியில் சாயம் போகத்தான் செய்தது. ஆனால் வேட்டியில் இருக்கிற சிவப்பும் இந்தச் சிவப்பும் ஒன்றா என்று நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவுமில்லை. சோதனை ஒன்று செய்து, அது பலித்துவிட்டது. எனக்கு அது போதுமாக இருந்தது.

அண்ணை லெச்சுமியக்காவைப் பார்த்தார். லெச்சுமியக்கா கையிலிருந்த சவர்க்காரத்தைக் கல்லில் வைத்தார்.

"நாந்தாங்க, மொதலாளி. தெரியாம ஒண்ணாப் போட்டுட்டேன்."

இரண்டு கையில் இரண்டாகத் தூக்கிக்கொண்டு போனதை நான் என் கண்ணால் பார்த்தேனே. பார்த்தேனா? மூட்டையைக் கொடுத்த பிறகு நான் கொப்பிக்குள் தலையை விட்டுக்கொண்டல்லவா இருந்தேன்?

"நீங்கள் போங்கோ அக்கா" என்று அண்ணை மாப்பிள்ளையின் அக்காவிடம் சொன்னார். "நாளைப் பின்னேரத்துக்குள்ள ஏதாவது செய்வம்."

"ஏதாவது எண்டா? வெட்டி லேஞ்சியாத் தரப் போறியளோ? மாப்பிள்ளை மூக்குத் துடைக்க?"

அவர் போன பிறகு அண்ணை லெச்சுமியக்காவைக் கூப்பிட்டு, "நாளையில இருந்து வரவேண்டாம்" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் பின்னேரம் ஆறியிருக்கும் என்று நினைக்கலாம். மேசையடிக்குப் போனார், லாச்சியை இழுத்தார், கடிதத்தைப் பார்த்தார், திரும்பத் தள்ளி மூடினார். கடைப்பக்கம் போவதாகச் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் கிணற்றடிக்கு வந்தேன். லெச்சுமியக்கா வேறு யாருடையவோ காற்சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நீங்கள் ஒண்டாப் போட்டனீங்களோ?"

"இல்ல."

"அப்ப ஏன் போட்டனெண்டு சொன்னனீங்கள்?"

"நீதான துணிய வச்சுப் பாத்து சாயம் போவுதுன்ன. படிச்ச புள்ளயும் சொல்லுது, துணியும் சொல்லுது. நான் இல்லன்னா பொய் சொல்றான்னுவாங்க. ஆமான்னா, தெரியாம செஞ்சதுதானன்னு விட்டுருவாங்கன்னு பாத்தேன்."

"விடேல்லையே."

"விடல. நெனச்சது பெழச்சிப் போச்சு." காற்சட்டையைக் கல்லில் ஓங்கி ஓர் அடி அடித்தார். "நீ என்னாத்துக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? ஒன் வேலையா போச்சு?"

"கடிதத்துக்கு என்ன செய்யிறது அக்கா?"

அதற்குப் பகிடி வரவில்லை. பாஸ் முடிய இன்னும் எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார். திரும்பக் காற்சட்டையை எடுத்து, கையை நிறுத்தாமலே, மெதுவாகக் கேட்டார்:

"இல்ல தங்கச்சி, எனக்கே இப்ப ஒரு மாதிரியா இருக்கு. ஒருவேள கை மாறிப் போட்டுத்தான் எடுத்தேனோ? அப்புறம் மறந்துட்டேனோ?"

என் சோதனை அவ்வளவு வேலை செய்திருந்தது. தான் செய்யாத ஒன்றைச் செய்ததாக அவரையே நினைக்கப் பண்ணிவிட்டது. நான் சாப்பிடப் போனேன். சாப்பிட வாருங்கள் என்று கூப்பிட்டதற்கு, "இன்னிக்கி நாளு இன்னும் முடியலல்ல, இருக்கறத முடிச்சிட்டுப் போறேன்" என்றார்.

அதற்குப் பிறகுதான் நான் கை கழுவியது.

"தேசிக்காய்! அக்கா, தேசிக்காய்!" என்று கத்திக்கொண்டு லோண்டறியோடு ஒட்டிய அண்ணை வீட்டுக் குசினிக்குள் புகுந்தேன். சவர்க்காரத்தின் காரத்தில் சிவந்தது மஞ்சளென்றால், எலுமிச்சையின் புளியில் அது திரும்ப மஞ்சளாக வேண்டும். தேசிக்காயும் கத்தியுமாக நான் கிணற்றடிக்கு ஓடி வருவதைப் பார்த்து லெச்சுமியக்கா, "என்னா, தின்னது செமிக்கலியா?" என்று கேட்டார்.

வேட்டியின் மூலையைக் கல்லில் விரித்தேன். பாதித் தேசிக்காயைப் பிழிந்தேன். சாறு விழுந்த இடம் அந்த நிமிசமே மஞ்சளானது. இன்னும் பிழிந்தேன். சிவப்பு ஓடி ஓடி மறைந்து, கடைசியில் தெளிவாக மூன்று விரல் அடையாளம் தெரிந்தது. யாரோ மூன்று விரலால் தொட்டு வைத்த மங்கல மஞ்சள்.

"அடியாத்தி! மஞ்சளு!"

"பொறுங்கோ, இன்னொண்டு இருக்கு." இந்த முறை நான் அவசரப்படவில்லை. காலையில் சாறியில் அழுத்திய வெள்ளைத் துண்டு கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அதை எடுத்து அதிலும் தேசிக்காய் பிழிந்தேன். இளஞ்சிவப்பு இளஞ்சிவப்பாகவே இருந்தது. அசையவில்லை. "பாருங்கோ. இது சாறீன்ர சிவப்பு, தேசிக்காய்க்கு மாறாது. வேட்டியில இருந்தது மஞ்சளின்ர சிவப்பு. ரெண்டும் வேற வேற."

லெச்சுமியக்கா என் கையிலிருந்த தேசிக்காயைப் பறித்தார். வேட்டி மூலையில் தானே சவர்க்காரம் தேய்த்தார், சிவந்தது. தேசிக்காய் பிழிந்தார், மஞ்சளானது. இன்னொரு முறை. இன்னொரு முறை. நான்காம் முறை நிறுத்தினார்.

"அப்ப நான் ஒண்ணாப் போடல."

"போடேல்லை."

"நான் போடல" என்று திரும்பவும் சொன்னார். இந்த முறை எனக்குச் சொல்லவில்லை.

நான் மன்னிப்புக் கேட்டேனா என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்கவில்லை. தேசிக்காய்க் கோதைக் கையில் வைத்துப் பிதுக்கிக்கொண்டே நின்றேன். கண்டுபிடித்துவிட்ட சந்தோசத்தில் வாய் சிரித்துக்கொண்டிருந்தது. காலையில் நான் சொன்னதும் நினைவில் நின்றது. இரண்டையும் வைத்துக்கொண்டு எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் ஒழுங்காகக் கேட்கவில்லை.

அண்ணை சைக்கிளை விட்டு இறங்கியதும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினோம். அவர் தன் கையாலும் ஒருமுறை சவர்க்காரம் போட்டுப் பார்த்தார், தேசிக்காய் விட்டுப் பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்த நேரத்தில் ஒரு கேள்வி கேட்டார்.

"சரி பிள்ளை, இது மஞ்சள்தான். அப்ப ஏன் இவள் ஓம் எண்டவள்? செய்யாததுக்கு ஓம் எண்டு சொல்லுற ஆளை நான் என்னெண்டு நம்புறது? நாளைக்கு வேற ஒண்டு நடந்தால் இவள் சொல்லுறது மெய்யோ பொய்யோ?"

அவர் கேட்டதிலும் ஒரு நியாயம் இருப்பது போலத் தெரிந்தது. அதுதான் இன்னும் குழப்பம். தேசிக்காயால் வேட்டியைத்தான் வெளுக்க முடிந்தது.

லெச்சுமியக்கா ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தார்.

"மொதலாளி, நீங்க யாரு ஒண்ணாப் போட்டதுன்னு கேட்டீங்க. போட்டாங்களான்னு கேக்கலியே."

அண்ணை தலையைத் திருப்பினார். வாளியில் இருந்த சாறியைப் பார்த்தார். பிறகு, "உதை எடுத்து நிழலில போடுங்கோ, கனநேரம் ஊறினாக் கெட்டுப்போம்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார். லாச்சி இழுபடுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து கடிதத்தை லெச்சுமியக்காவிடம் நீட்டினார். கையெழுத்து இருந்தது. "வெள்ளிக்கிழமை கூட்டமா இருக்கும். நாளைக்குக் காலமை போய் அலுவலை முடிச்சிட்டு வா" என்றார். நீ வர வேண்டாம் என்று சொன்னதைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

வேட்டியைத் தேசிக்காய்த் தண்ணீரில் அலசி, நல்ல தண்ணீரில் ஆறு ஏழு தரம் அலசி, மூலை மேலே தெரியும்படி நல்ல வெயிலில் போட்டோம். வியாழன் மத்தியானம் மஞ்சள் பாதிதான் இருந்தது. பின்னேரம் தேடிப் பார்த்தால்தான் தெரிந்தது. மஞ்சள் வெயிலுக்கு நிற்காது. இதுவும் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மாப்பிள்ளையின் அக்கா வந்ததும் விசயத்தைச் சொன்னோம்.

"மஞ்சளோ? அது நான்தானே வச்சனான்! மூண்டு விரலால வச்சனான்!" என்று வாயில் கை வைத்தார். பிறகு மூலையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "இப்ப ஒண்டும் இல்லையே."

"இல்லை அக்கா. வடிவாப் போயிட்டுது."

"அப்ப திரும்ப ஒருக்கா வைக்க வேணும்."

லெச்சுமியக்கா சிரித்த சிரிப்பில் ஸ்திரிக்கைப் பெட்டிக் கரி கொட்டப் பார்த்தது. "வையிங்க, வையிங்க. கலியாணம் முடிஞ்சி திருப்பிக் கொண்டாரப்ப மாத்திரம் எந்த மூலன்னு சொல்லிக் குடுங்க."

இதை வைத்து உங்களுக்கு நான் என்ன சொல்ல? மூட்டையைப் பிரிக்கும்போது நான்கு மூலையையும் விரித்துப் பாருங்கள். மஞ்சளைக் கண்டால் வெட்கப்படாமல் எழுதுங்கள். ஆசாரம் கெட்டுப்போகாது. வெள்ளையில் சிவப்புக் கண்டால் சவர்க்காரத்தைக் கீழே வையுங்கள். முதலில் தேசிக்காய் ஒரு சொட்டு. மாறினால் மஞ்சள். மாறாவிட்டால் சாயம். சாயமென்றால் காய விடக் கூடாது, ஈரத்தோடேயே பச்சைத் தண்ணீரில் திரும்பத் திரும்ப அலச வேண்டும், வெயில் கூடவே கூடாது. பார்த்தீர்களா, மஞ்சளுக்கு வெயில் மருந்து, சாயத்துக்கு வெயில் எதிரி. அதனால்தான் எது என்று தெரியாமல் எதையும் செய்யாதீர்கள் என்கிறேன். புதுநிறத் துணியென்றால் தண்ணீர் காட்டுவதற்கு முன் உள்மடிப்பில் ஈர வெள்ளைத் துண்டை வைத்து அழுத்திப் பாருங்கள். துண்டில் நிறம் வந்தால் அது தனியே போக வேண்டிய துணி என்பது மட்டும்தான் அர்த்தம். அதற்கு மேல் அந்தத் துண்டு ஒன்றும் சொல்லாது. மேலதிகமாக நான் சேர்த்துச் சொன்னதால்தான் இவ்வளவும் நடந்தது.

இதெல்லாம் படித்துவிட்டு நான் திருந்திவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அடுத்த கிழமை முழுக்கக் கையில் தேசிக்காயோடு திரிந்தேன். காண்கிற கறையெல்லாம் மஞ்சளாகத் தெரிந்தது. ஒரு கந்தோர்க் கிளாக்கரின் நீலச் சட்டைக் கொலரில் சாறு விட்டு வெயிலில் போட்டேன். கொலரில் வெளிறிய வட்டம் விழுந்தது. அண்ணை வந்து, "இதுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டார். "நான் தேசிக்காய் விட்டனான்" என்று சொன்னேன். அவர் என்னை வர வேண்டாம் என்று சொல்லவில்லை. "இனிப் பாத்துச் செய்யும் பிள்ளை" என்றார். அவ்வளவுதான். அதே அண்ணை, அதே லோண்டறி. எனக்கு ஏன் அவ்வளவு இலகுவாக முடிந்தது என்று அன்றைக்கு முழுக்க யோசித்தேன். பதில் தெரியும்; அண்ணைக்கு நான் படித்த பிள்ளை. தெரிந்த பிறகும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

தெரியாததுகளும் இருக்கின்றன. உப்பைப் பற்றி எல்லோரும் ஒரே மாதிரிச் சொல்கிறார்கள். உப்புத் தண்ணீரில் ஊறப் போட்டால் சாயம் பிடித்துக்கொள்ளுமாம். நாங்களும் போடுகிறோம். ஆனால் அன்றைய வாளி உப்புப் போட்டும் சிவந்துதானே இருந்தது? ஒரு சாறி முதல் தரம் சாயம் விடுகிறது, மூன்றாம் தரம் விடுவதில்லை. உப்புத்தான் நிறுத்தியதா, அல்லது விடுகிற மிச்சச் சாயம் விட்டு முடிந்துவிட்டதா? வினாகிரிக் காடி விட்டால் நிற்கும் என்கிறார் ஒருவர். வேண்டாம், பச்சைத் தண்ணீரும் அவசரமான கையும் போதும் என்கிறார் இன்னொருவர். எனக்கு நிச்சயமில்லை. இரசாயனம் படித்தவளிடம் கேட்டால் தெரியும் என்று நீங்கள் நினைத்தால், அந்தப் படிப்பில் லோண்டறி வரவில்லை.

இப்போது ஒரு வேலை வந்திருக்கிறது. திங்கட்கிழமை ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து விளையாட்டுப் போட்டிக்கான, மாணவர் அணிகளின் இல்லக் கொடிகள் வருகின்றன. சிவப்புக் கொடி, பச்சைக் கொடி, நீலக் கொடி. ஒவ்வொன்றின் நடுவிலும் வெள்ளைத் துணியில் எழுத்து வெட்டித் தைத்திருக்கிறார்கள். புதுத்துணி, மழையில் ஒருமுறைகூட நனையாதது. சேறு பட்டுவிட்டதாம். நிறம் வேறு வெள்ளை வேறு என்று இரண்டு வருசமாகப் பிரித்துப் பிரித்துப் பழகிய எங்களுக்கு, பிரிக்கவே முடியாமல் ஒன்றோடொன்று தைத்த துணி வருகிறது. எப்படிக் கழுவுவது என்று அண்ணைக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

கொடி தைத்த அதே சிவப்புத் துணியில் மிச்சத் துண்டு ஒன்று கேட்டு வாங்கினோம். அதை மூன்றாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைச் சீலைக்கீலத்தைத் தைத்து, ஒன்றைப் பச்சைத் தண்ணீரிலும் ஒன்றை உப்பிலும் ஒன்றை வினாகிரி விட்ட தண்ணீரிலும் நனைத்துப் பார்க்கப் போகிறோம். நனைத்து எடுத்து, மூன்று வெள்ளையையும் பார்த்து, எந்தத் தண்ணீர் நல்லது என்று அண்ணைக்கு முதலில் சொல்லப் போவது லெச்சுமியக்கா. நான் வாயைத் திறப்பதில்லை. நீங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

இதற்கு அவரைச் சம்மதிக்க வைக்க ஒரு கிழமையாகக் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.

"நான் சொல்லி தப்பாப் போச்சுன்னா?" என்று நேற்றும் கேட்டார்.

"பிழைச்சால் இன்னொரு துண்டு நனைப்பம் அக்கா."

"துண்டு ஒண்ணுதான குடுத்தாங்க."

"இன்னொண்டு கேப்பம்."

இன்று காலை வந்து பார்த்தபோது, லெச்சுமியக்கா சிவப்புத் துண்டை மூன்றாக வெட்டாமல், மிகச் சின்னதாக ஆறாக வெட்டி, ஆறிலும் வெள்ளை தைத்து, கல்லில் வரிசையாக வைத்திருந்தார்.